ஒரே ஊருக்கு எத்தனை எழுத்து?

எங்க ஊர்ப் பெயரைத் தாளில் எழுதும்போது பொகவந்தலாவை என்று எழுதுவோம். பேசும்போது பொகவந்தலாவ. ஆங்கிலத்தில் வெறும் 'டி' போடுகிறவர்களும் உண்டு, அதோடு 'எச்' சேர்க்கிறவர்களும் உண்டு. தபால்காரருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. எப்படி எழுதினாலும் கடிதம் கொட்டியாகலைக்கோ கெம்பியனுக்கோ போய்ச் சேர்ந்துவிடும். இணையத்தில் நிரப்பும் விண்ணப்பம் அப்படியில்லை. அதுக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்து மட்டும்தான் ஊர். மற்றதெல்லாம் சிவப்புக் கோடு.

அந்தச் சோதனை உள்ளே எப்படி நடக்கிறது? 'ஊர், பொகவந்தலாவை அல்லது பொகவந்தலாவ என்றால் ஏற்றுக்கொள்.' தமிழில் இது சரியான வாக்கியம். ஜாவாஸ்கிரிப்டிலோ பிஎச்பியிலோ இதே அமைப்பில் எழுதினால், முதல் பெயரோடு மட்டும்தான் ஊர் ஒப்பிடப்படும். 'அல்லது'க்குப் பிறகு தனியாக நிற்கும் பெயரை, அது வெற்றுச் சொல் இல்லை என்பதாலேயே, கணினி 'உண்மை' என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் நோர்வூட் என்று போட்டாலும் உள்ளே விட்டுவிடும்!

ஒவ்வொரு பெயருக்கும் 'ஊர் இதற்குச் சமமா' என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். பெயர்கள் கூடினால், எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் போட்டு 'ஊர் இதுக்குள்ள இருக்கா' என்று ஒரே தடவை கேட்பது நல்லது. ஜாவாஸ்கிரிப்டில் 2016இல் வந்த 'இன்க்ளூட்ஸ்' இதைத்தான் செய்கிறது. பிஎச்பியில் 'இன் அரே'.

பட்டியல் இருந்தாலும் தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எங்க ஊரின் முதல் எழுத்தான 'பொ'வையே பாருங்கள். அதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் 'நோர்மலைஸ்' செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், பட்டியலில் இருக்கும் ஊரையே 'இல்லை' என்று சொல்லிவிடும்.

இவ்வளவும் சரியாக எழுதிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: பட்டியலில் என்னென்ன இருக்கலாம் என்று முடிவு செய்வது யார்? 1911 குடிசனமதிப்பில்தான் நாங்கள் முதன்முதலாக 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணப்பட்டோம். 'மலையகத் தமிழர்' என்று பதிய விரும்புகிற ஒருவருக்கு, படிவத்தின் பட்டியலில் அந்தச் சொல் இல்லையென்றால், அடையாளமிட இடமே இல்லை. இதில் நிரலைக் குறைசொல்ல முடியாது. கொடுத்த பட்டியலை அது ஒழுங்காகத்தான் பார்க்கிறது.

அதனால் படிவம் செய்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். பல எழுத்துகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள், சேமிக்கும்போது ஒன்றாக்குங்கள். பட்டியலில் இல்லாதது வந்தால் உடனே தள்ளிவிடாமல், ஒரு மனிதர் பார்ப்பதற்கு எடுத்து வையுங்கள். உதவித்தொகை, வேலை என்று எத்தனையோ விஷயங்கள் இப்போது அந்த ஒரு பெட்டியைத் தாண்டித்தான் வருகின்றன.