தரை தொடாத ஆட்டம்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் பையன்களைத் தேட வேண்டிய இடம் கிணற்றடிதான். ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர்ப் பக்கம் தோட்டத்துக் கிணறுகள் பாறையை வெட்டி இறக்கியவை. பல கிணறுகளில் ஒரு வீடே உள்ளே அடங்கிவிடும். முதல் நாள் முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, அப்பாவோ மாமாவோ மேலே நின்று பிடித்துக்கொள்வார். தாத்தா காலத்தில் அந்த வேலையைக் காய்ந்த சுரைப்புருடை செய்தது. சில நாளில் கயிறு போகும், பிறகு கேன் போகும், அதன்பின் மோட்டார் ரூம் திட்டிலிருந்து பல்டி. கடைசியாக எவனாவது ஒரு ரப்பர் பந்தைக் கொண்டுவருவான். பந்து யார் கையில் இருக்கிறதோ அவனை மற்றவர்கள் சேர்ந்து அமுக்குவார்கள். கீழே மூன்று ஆள் ஆழம். கால் ஊன்ற இடமே கிடையாது.

இதே ஆட்டத்துக்கு விதிப்புத்தகமும் நடுவரும் ஒலிம்பிக் பதக்கமும் உண்டு. அதன் பெயர் வாட்டர் போலோ.

அணிக்கு ஏழு பேர் நீரில் இருப்பார்கள். அதில் ஒருவர் கோல்கீப்பர். ஆட்டம் நான்கு பகுதி, ஒவ்வொன்றும் எட்டு நிமிடம். கோல் மூன்று மீட்டர் அகலம். குறுக்குக் கட்டை நீர்மட்டத்திலிருந்து 90 செ.மீ. உயரம். விசில் ஊதியதும் இரண்டு அணியும் தத்தம் கோல் கோட்டிலிருந்து நடுவில் கிடக்கும் பந்தை நோக்கிப் பாய்கின்றன. கோல்கீப்பரைத் தவிர யாரும் இரண்டு கையாலும் பந்தைத் தொடக் கூடாது. குளத்தின் தரையை ஊன்றி எம்பவும் கூடாது. பெரிய போட்டிகளுக்கு இரண்டு மீட்டர் ஆழம் வேண்டும் என்பதால் ஊன்ற நினைத்தாலும் எட்டாது. பந்து கைக்கு வந்தால் அரை நிமிடத்துக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும்.

கால்களில்தான் சூட்சுமம். இரண்டு மத்தால் ஒரே நேரத்தில் எதிரெதிராகக் கடைவதுபோல் முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் மாறி மாறிச் சுழல்கின்றன. நல்ல ஆட்டக்காரர் அந்தச் சுழற்சியாலேயே இடுப்புவரை நீருக்கு வெளியே எழும்பி, ஒரு கையில் பந்தைத் தூக்கிப் பிடித்துக் குறிபார்ப்பார். நம் ஊரில் நின்ற நீச்சல் என்பார்களே, அதன் முற்றிய வடிவம் இது.

நீருக்கு மேலே தெரிவது பாதி ஆட்டம்தான். பந்து கையில் உள்ளவரை எதிராளி பிடித்து இழுக்கலாம், அமுக்கலாம்; பந்தை விட்ட பிறகு தொட்டால் தவறு. அமுக்கப்படும்போது பந்தையும் சேர்த்து நீருக்குள் கொண்டுபோனால், பந்து வைத்திருந்தவர் மீதே தவறு விழும். பெரிய தவறு செய்தவர் ஏறக்குறைய இருபது விநாடி வெளியே இருக்க வேண்டும்; மூன்றாவது முறை என்றால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. ஆட்டம் தொடங்குமுன் நடுவர்கள் ஒவ்வொருவரின் கைநகத்தையும் கால்நகத்தையும் பார்த்து, வளர்ந்திருந்தால் வெட்டச் சொல்கிறார்கள். அடியில் நடப்பது என்ன என்று அந்த ஒரு வழக்கமே சொல்லிவிடும்.

பிரிட்டனில் தொடங்கியபோது இது இன்னும் முரட்டுத்தனமாக இருந்தது. பந்தை நீச்சல் உடைக்குள் திணித்துக்கொண்டு மூழ்கிப் போய், எதிரணிக் கரையில் எழுந்து வைத்தால் கோல். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் வில்சன் 1877-ல் அபர்டீனில் முதல் விதிகளை எழுதினார். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இந்த ஆட்டம் இடம்பிடித்துவிட்டது.

இந்தியாவுக்கும் இதில் பெருமைப்பட ஒரு காலம் இருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி சிலியை 7-4 என்று வென்றது. அதில் நான்கு கோல் சச்சின் நாக் போட்டவை. காசியில் பிறந்து கல்கத்தாவில் நீந்தியவர். 1947 கலவரத்தில் அவர் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்திருந்தது. கால்தான் எல்லாம் என்ற ஒரு ஆட்டத்தில், குண்டு பாய்ந்த காலோடு மறு வருடமே ஒலிம்பிக்கில் இறங்கியவர் அவர். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு நீச்சலில் இன்றுவரை இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான். அதே போட்டியில் வாட்டர் போலோ அணியும் சிங்கப்பூரை 6-4 என்று வென்று தங்கம் எடுத்தது. நாக் 1987-ல் இறந்தார். தியான்சந்த் விருது அவர் பெயருக்கு வந்தது 2020-ல். இவ்வளவு தாமதத்தை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

1952 ஹெல்சிங்கிக்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் வாட்டர் போலோவில் ஆடவில்லை. ஆசிய அளவில் 1970-ல் வெள்ளி, 1982-ல் வெண்கலம், அத்தோடு சரி. அன்று டெல்லியில் தோற்ற சிங்கப்பூரோ 1954-ல் ஆசியத் தங்கம் வென்றது. தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் அதன் ஆண்கள் அணி 1965 முதல் 2017 வரை தங்கத்தை விட்டே கொடுக்கவில்லை. 2019-ல்தான் அது கைநழுவியது.

சிங்கப்பூருக்குக் கடல் இருக்கிறது, சேலத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஹங்கேரியைப் பார்க்க வேண்டும். நாலாபுறமும் நிலம் சூழ்ந்த நாடு அது. ஆண்கள் வாட்டர் போலோவில் ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வேறெந்த நாட்டிடமும் இல்லை. அந்த அணியில் ஆடிய ஒலிவர் ஹலாஷி சிறுவயதில் டிராம் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். 1932, 1936 இரண்டிலும் தங்கம் வென்றார். 1956 மெல்போர்னில் ஹங்கேரி, சோவியத் அணியை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் ஹங்கேரி வீரர் எர்வின் ஸாடோர் முகத்தில் ரத்தம் வழிய நீரிலிருந்து ஏறினார். ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்து எழுச்சியை நசுக்கிய சில வாரங்களில் நடந்த ஆட்டம் அது. ஒரு நாடு தன் கோபத்தை ஒரு குளத்துக்குள் இறக்கிவைத்த நாள் என்றே அதைச் சொல்லலாம்.

சேலத்தில் சாரதா கல்லூரிச் சாலையை ஒட்டிய ஃபேர்லேண்ட்ஸ் பிள்ளைகள் நீச்சலை வேறு விதமாகக் கற்கிறார்கள். காந்தி விளையாட்டரங்கக் குளம் போன்ற இடங்களில் தொப்பி, கண்ணாடி, கயிறு கட்டிய பாதை, பயிற்சியாளர். கையை வீசும் முறை சுத்தமாக இருக்கும், வேகமும் வரும். கிணற்றில் கற்றவனுக்கு அந்த ஒழுங்கு வராது. ஆனால் அசையாமல் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கவும், நாலு பேர் அமுக்கினாலும் மூச்சை விடாமல் மேலே வரவும் தெரியும். வாட்டர் போலோவுக்கு இரண்டும் வேண்டும். இந்த இரண்டு கூட்டமும் ஒரே நீரில் சந்திக்க இடம் இல்லாததுதான் இந்த மாவட்டங்களின் குறை. 1995 தெற்காசிய விளையாட்டுக்காகச் சென்னையில் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகம் சேலத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல்.

கிணற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. கோடைதோறும் கிணற்றில் மூழ்கி இறந்த பிள்ளைகளின் செய்தி இந்த மாவட்டப் பதிப்புகளில் வராமல் போவதில்லை. அதனால் கிணற்றைப் பயிற்சிக் களமாக்கச் சொல்ல முடியாது. அங்கே பிறக்கும் திறமையை ஆழமான, காவலுள்ள குளத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குக் கிணறும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பையன்கள் குதிக்கும் இடத்தில் பத்து வயதுக்கு மேல் அவர்களை விடும் வீடுகள் குறைவு. ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கு இடம் கிடைக்க நூறு வருடம் ஆனது. 2000-ல் சிட்னியில்தான் முதன்முதலாக ஆடினார்கள். ஆஸ்திரேலியா கடைசி விநாடிகளில் கோல் போட்டு அமெரிக்காவை 4-3 என்று வென்றது. பக்கத்து மாநிலமான கேரளத்தின் பெண்கள் அணி தேசியப் போட்டிகளில் பலமுறை பட்டம் வென்றிருக்கிறது. சேலத்தில் ஒரு அணி தொடங்க நினைப்பவர்கள் பெண்கள் அணியை முதலில் சேர்க்கலாம். குளத்தில் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருக்கும் மாணவிகள் இருக்கிறார்கள். மிதக்கும் கோல் இரண்டும், காதுக்கவசம் வைத்த தொப்பிகளும், கைக்கு அடங்கும் சிறிய பந்துகளும் வாங்கினால் போதும்.