பைண்டு செய்த கதைகள்

எங்கள் சித்தி வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் துணிமணி கிடையாது, பைண்டு செய்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகையின் பின்னைக் கழற்றித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் எடுத்து அடுக்கி வைப்பார் சித்தி. கதை முடிந்ததும் கடைத்தெரு பைண்டரிடம் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு வாங்கிக்கொள்வார். நடுநடுவே பாதியில் வெட்டுப்பட்ட சிரிப்புத் துணுக்கும் தலைவலித் தைல விளம்பரமும் இருக்கும். ஒவ்வோர் அத்தியாயத்தின் அடியிலும் ‘தொடரும்’.

கோடை விடுமுறையில் நான் அவற்றை வெறிபிடித்துப் படித்தேன். எனக்கு அடுத்த அத்தியாயம் அடுத்த பக்கத்திலேயே கிடைத்தது. சித்திக்கு அது ஏழு நாள் தள்ளிக் கிடைத்தது. அந்த ஏழு நாளும் கிணற்றடியிலும் அடுப்படியிலும் அவர் அந்தக் கதைக்குள்ளேயே இருந்திருக்கிறார். எங்கள் இருவரில் கதையை முழுசாக அனுபவித்தவர் அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடுவோம். “நல்லதா ஒண்ணு சொல்லுங்க” என்று யாராவது கேட்டால், நான் பெரும்பாலும் பழைய சாகச நாவலோ துப்பறியும் நாவலோதான் சொல்வேன். உலக இலக்கியம் என்ற வார்த்தையை மட்டும் எடுப்பதில்லை. அதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது, பரீட்சைக்குப் படிக்கச் சொன்ன மாதிரி.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே வருவார். அலெக்சாந்தர் துமாவின் ‘மான்டி கிறிஸ்டோ’வை அவர் கையில் கொடுத்தபோது, எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார்.

“இதை எப்ப தம்பி முடிக்கிறது?”

“பொன்னியின் செல்வன் எத்தனை பாகம் அண்ணே?”

“அஞ்சு.”

“எத்தனை தடவை படிச்சீங்க?”

“நாலு தடவை” என்று சிரித்தார். புத்தகம் அவர் பைக்குள் போய்விட்டது.

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். 117 அத்தியாயம் கொண்ட அந்த நாவல் 1844 ஆகஸ்டில் தொடங்கி 1846 ஜனவரி வரை பாரிஸில் ஒரு நாளிதழில் தொடராக வந்தது. கல்கியின் வாசகர்கள் 1950 முதல் 1954 வரை வந்தியத்தேவனுக்காகக் காத்திருந்த மாதிரி, அந்த ஊர்க்காரர்கள் எட்மண்ட் டான்டேஸுக்காகக் காத்திருந்தார்கள். பத்தொன்பது வயது மாலுமி. நிச்சயதார்த்த விருந்தில் உட்கார்ந்திருக்கும்போது கைது செய்கிறார்கள். மார்செய் துறைமுகத்துக்கு எதிரே கடல் நடுவிலுள்ள கோட்டைச் சிறையில் பதினான்கு வருஷம். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் சாயல் பிடிபடும். ஆனால் தயவுசெய்து சுருக்கப் பதிப்பை வாங்காதீர்கள். பதினான்கு வருஷத்தைப் பத்துப் பக்கத்தில் கடந்துவிட்டால், பின்னால் வரும் பழிவாங்கலுக்குக் கனமே இருக்காது. காத்திருப்பதுதான் அந்த நாவலின் உயிர்.

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால், நான் சொல்வது வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை தொடராக வந்தது. கதை நம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த அன்று, திப்புவின் கோட்டைக்குள் ஓர் ஆங்கிலேய அதிகாரி கோவிலுக்குச் சொந்தமான ஒரு வைரத்தை அபகரிக்கிறான். ஐம்பது வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் பதினெட்டாவது பிறந்தநாளன்று அந்த வைரம் அவள் கைக்கு வருகிறது. அன்று இரவே காணாமல் போகிறது. 1857 கலகம் வெடித்துப் பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியர்கள்மேல் ஆங்கிலேயருக்கு இருந்த ஆத்திரம் தணியாத அந்த நேரத்தில், முதல் திருடன் ஓர் ஆங்கிலேயன் என்று கதையைத் தொடங்கிய காலின்ஸை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தக் கதையை ஒருவரே சொல்வதில்லை. தான் கண்ணால் பார்த்ததை மட்டும், தனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் ஒவ்வொருவராக எழுதுகிறார்கள். முதலில் வருபவர் எழுபது வயது தாண்டிய வீட்டுக் காரியஸ்தர் பெட்டரெட்ஜ். மனம் குழம்பினால் ‘ராபின்சன் குரூசோ’வைப் பிரித்து, கண்ணில் படும் வரியைத் தனக்குச் சொன்ன வாக்காக எடுத்துக்கொள்வார். திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கத்தை அறிந்தவர்கள் இந்தக் கிழவரை உடனே சொந்தக்காரராக்கிக்கொள்வார்கள். அவருக்குப் பிறகு வேறொருவர் பேனாவை எடுக்கும்போது, நாம் நேற்று நம்பிய ஆள்மேல் இன்று சந்தேகம் வருகிறது. துப்பறிய வரும் சார்ஜென்ட் கஃபுக்கு ரோஜாச் செடிகள்மேல் தனிப் பிரியம். ஷெர்லக் ஹோம்ஸ் பிறப்பதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னாலேயே வந்தவர் அவர்.

தொடர் நடந்துகொண்டிருந்தபோதே காலின்ஸின் தாயார் இறந்துபோனார். காலின்ஸும் கீல்வாத வலியால் படுத்த படுக்கை. எழுத முடியாத நாட்களில் வாயால் சொல்லி எழுதவைத்தார். ஆனாலும் வாராவாரம் கதை வந்தது. அவருக்கு வாசகர்கள் காத்திருப்பது தெரிந்திருந்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’. 1881-இல் ஸ்காட்லாந்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடுமுறையில், மனைவியின் மகனோடு சேர்ந்து ஒரு தீவின் வரைபடத்தை வரைவதில் ஈடுபட்டார் ஸ்டீவன்சன். அந்தப் படத்திலிருந்து பிறந்த கதை இது. கண் தெரியாத ஒருவன் உறைபனிச் சாலையில் தடியைத் தட்டிக்கொண்டு விடுதியை நோக்கி வரும் பக்கத்தைப் பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைப் பிள்ளை தானே படித்துக்கொள்ளும்.

தூத்துக்குடி, மன்னார்ப் பக்கத்து நண்பர்களுக்கு ஜூல்ஸ் வெர்னின் கடலடி நாவல். நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் நெமோ மன்னார் வளைகுடாவில் இறங்கி, ஓர் ஏழை முத்துக்குளிப்பவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தை அவன் கையில் வைக்கிறார். இடையில் நீளும் மீன் பெயர்ப் பட்டியல்களைத் தாண்டிப் போனால் குற்றமில்லை. மனிதரை வெறுத்து ஒதுங்கிய நெமோ, அந்த ஏழைக்காக ஏன் அப்படி உருகினார்? அதற்கு வெர்னின் ‘மர்மத் தீவு’ வரைக்கும் போக வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

சொல்லாமல் விடுவதை நான் அவ்வளவு பெரிதாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி நாட்களில் ஒரு நூலகத்தில் அகதா கிறிஸ்டியின் 1926-ஆம் வருஷத்து நாவல் ஒன்றை எடுத்தேன். ரோஜர் அக்ராய்டின் கொலையைப் பற்றியது. முதல் பக்கத்திலேயே யாரோ கொலையாளியின் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, ‘இவர்தான்’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு வாசகர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் அடையக்கூடிய திகைப்பு அந்த நாவலில் இருக்கிறது. எனக்கு அது கிடைக்கவில்லை. எத்தனை முறை திரும்பப் படித்தும் கிடைக்கவில்லை.

மின்வாரிய அண்ணன் இப்போது ‘மூன்ஸ்டோன்’ படிக்கிறார். ராத்திரி ஓர் அத்தியாயம், அதற்கு மேல் இல்லை என்று கணக்கு வைத்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் எங்களிடம் தம் சந்தேகத்தைச் சொல்கிறார். நாங்கள் பதில் சொல்வதில்லை.

நீங்களும் அதே கணக்கில் தொடங்குங்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுங்கள். திருடியது யார் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.