காலிகோவுக்குள் ஒரு சில்லு

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ் வீரபாண்டியைத் தாண்டும்போதே ஆடிக் காற்று மண்ணை வாரி ஜன்னலுக்குள் இறைத்தது. பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு, ரேடியோ அலையில் அடையாளம் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் ஒட்டும் வேலை நடக்கிறது என்று நண்பர் சொல்லியிருந்தார். பெயர் எழுத வேண்டாம் என்று நூலகர் கேட்டுக்கொண்டதால் கல்லூரியின் பெயரை விட்டுவிடுகிறேன்.

உள்ளே ஒரே புழுக்கம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறியும் ஓடவில்லை. காற்றடித்தால் டேக்கின் பசையில் தூசி ஏறிவிடுமாம். நீள மேசையைச் சுற்றி மூன்று பெண்கள். ஒருவர் உலர்ந்த துணியால் அட்டையைத் துடைத்து, பின்னட்டையின் உள்பக்கத்தைத் திறந்து வைக்கிறார். அடுத்தவர் சுருளிலிருந்து டேக்கை உரித்து, முதுகை ஒட்டினாற்போல் பதித்து, விரலால் நீவுகிறார். மூன்றாமவர் புத்தகத்தைக் கருவியின் மேல் வைத்து அதன் பதிவு எண்ணைச் சில்லுக்குள் ஏற்றுகிறார். கடைசியாக டேக்கை மறைத்துக் கல்லூரி முத்திரை போட்ட தாள் ஒன்று.

ஒரு டேக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். படிக்கோலம் போலச் சதுரத்துக்குள் சதுரமாய் ஓடும் உலோக இழை, ஒரு மூலையில் கடுகை விடச் சிறிய சில்லு. இதில் பேட்டரி இல்லை. படிக்கும் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸில் எழுப்பும் காந்தப்புலம் அந்த இழையில் பட்டதும் சில்லுக்கு உயிர் வருகிறது, தன் எண்ணைச் சொல்கிறது, விலகியதும் அடங்கிவிடுகிறது. பார்கோடைப் போல ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்ட வேண்டியதில்லை; அடுக்கி வைத்த நாலைந்து புத்தகங்களை ஒரே மூச்சில் படித்துவிடும்.

ஒட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒட்டினால் வேலை சுலபமாயிற்றே என்றேன்.

"அது ஆகாது சார். மெலிசுப் புத்தகம் ரெண்டு பக்கத்துல பக்கத்துல நின்னா டேக் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வந்துரும். மெஷினுக்கு ரெண்டும் தெரியாது. அதான் ஒண்ணு மேல, ஒண்ணு நடுவுல, ஒண்ணு கீழ."

இதை அவருக்கு எந்தக் கையேடும் சொல்லித்தரவில்லை. முதல் வாரம் ஒட்டிய கவிதைத் தொகுப்புகள் பாதி படிக்கப்படாமல் போனபோது அவரே கண்டுபிடித்தது. வெள்ளித்தாள் மினுக்கும் அட்டைகளைத் தனியே ஒதுக்கியிருந்தார். உலோகப் பூச்சு அலையை மறித்துவிடும் என்பதால் அவற்றுக்கு டேக் உள்தாளில் போகிறது.

வராந்தாவில் பைண்டர் ஐயா. எழுபதை நெருங்கும் வயது. மைதா பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலக்கிறார். பிரித்த புத்தகத்தைத் தைத்து, சுத்தியலால் முதுகைத் தட்டி வளைத்து, காலிகோ துணி ஒட்டி, இரும்புப் பிரஸ்ஸில் இறுக்குகிறார். டேக் ஒட்டிய புத்தகங்களை முதலில் இவரிடம் அனுப்பியதில் சில சில்லுகள் செத்துப்போயின. சில்லும் இழையும் சேரும் இடம் அத்தனை மென்மையானது. ஓர் அடி தாங்காது. இப்போது பைண்டிங் முடிந்த பிறகுதான் டேக். ஏற்கெனவே ஒட்டியவை கிழிந்து வந்தால், ஐயா சொன்ன யோசனைப்படி அட்டையின் வெளிப்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்புகிறார்கள்.

"புள்ளி இருக்கிற பக்கம் சுத்தி படாம பாத்துக்கிறேம்மா" என்றார் அவர். நாற்பது ஆண்டு பழகிய கை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளுக்காகத் தன் அடியை மாற்றிக்கொண்டிருக்கிறது. வந்த வேலையை மறந்து வெகுநேரம் அவரருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நூலகர் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. இதற்கு முன் அவர் வேலை பார்த்த ஓரிடத்தில், கணக்கில் குறைந்த புத்தகங்களுக்குத் தன் சம்பளத்திலிருந்து பணம் கட்டியிருக்கிறார். "அன்னையிலேருந்து நல்ல புத்தகம் வந்தா முதல்ல பீரோவுல வச்சுப் பூட்டிருவேன் சார். மனசாரத்தான் சொல்றேன், அது தப்பு."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, ஆண்டில் வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவது இயல்பு என்றே ஏற்கின்றன. இருபதாயிரம் நூல் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும், ஐம்பதாயிரம் வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை, முழு இருப்பையும் சரிபார்க்கச் சொல்கின்றன. ஆனால் தொலைந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற பயம் விதியைப் படித்தா வருகிறது? 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், புத்தகம் பயன்படுவதற்காகவே இருக்கிறது என்பதை முதலில் வைத்தார். அந்த முதல் விதி நம் ஊர்களில் பீரோச் சாவியிடம்தான் தோற்கிறது.

ஆகவே இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய பயன், பதியாமல் புத்தகம் வெளியே போனால் வாசலில் சத்தமிடும் கதவு அல்ல என்று நினைக்கிறேன். இருப்பெடுப்புதான் அது. முன்பெல்லாம் மே மாதம் நூலகத்தை மூடிவிட்டு, ஒருவர் எண்ணைக் கூவ, இன்னொருவர் பதிவேட்டில் டிக் அடிக்க, வாரக்கணக்கில் போகும். அன்று அந்த அக்கா கைக்கருவியை ஒரு தட்டின் முதுகுகளை உரசினாற்போல் மெல்ல நகர்த்தினார். நான் ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு ரேக் முடிந்தது. காணவில்லை என்று பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதப்பட்ட பொருளாதார நூல் ஒன்று தாவரவியல் தட்டில் நின்றுகொண்டிருந்தது. நூலகர் அதை எடுத்துத் தூசி தட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

யார் எதைப் படிக்கிறார் என்று சில்லு காட்டிக்கொடுக்குமோ என்றும் கேட்டேன். இங்கே அதில் ஏற்றுவது பதிவு எண்ணும் நூலக அடையாளமும் மட்டுமே. வாசகர் பெயர் ஏறுவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் 1998இலேயே இந்தத் தொழில்நுட்பம் வந்துவிட்டது. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இருக்கிறது. பள்ளத்தாக்கின் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் ஒருநாள் வரும். வரும்போது கருவியை மட்டும் இறக்கிவிட்டுப் போகாமல் பைண்டருக்கும் ஒட்டுபவருக்கும் முறையான கூலி ஒதுக்க வேண்டும். நூலகர் சம்பளத்தில் புத்தக விலையைப் பிடிக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும்.

படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நூலகப் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கம் சதுரமாக ஏதோ தட்டுப்பட்டால் நகத்தால் நெம்பிப் பார்க்காதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒருவர் ஒட்டியது அது.