சம்பளப் புத்தகத்தின் ஓரத்தில்

கண்டியில் ஒரு கடைக்காரர் கத்தோலிக்கர் என்பது லாச்சிக்கு மேலே மாட்டியிருக்கும் அந்தோனியார் படத்திலேயே தெரிந்துவிடும். படத்துக்கு ஒரு சின்ன மின்குமிழ், செவ்வாய்க்கிழமையானால் ஒரு மாலை. பக்திக்குக் குறைவில்லை. ஆனால் காலையிலிருந்து நின்றபடி துணி விரித்துக் காட்டுகிற பிள்ளைக்கு முதலாளியின் விசுவாசம் வேறு வழியாகத்தான் தெரியவரும். உட்கார ஒரு ஸ்டூல் உண்டா, மாதக் கடைசியில் சம்பளம் முழுசாக வருகிறதா, காய்ச்சல் என்று லீவு கேட்டால் அவர் முகம் மாறுகிறதா என்பதில் தெரியும்.

கணக்கெழுதுவது என் தொழில். சின்னக் கடைகள், பேக்கரி, அச்சகம் என்று பல இடத்துச் சம்பளப் பட்டியல் என் மேசைக்கு வரும். அவற்றைப் பார்க்கும்போது மனதில் பட்டதை அவ்வப்போது எழுதி வைத்தேன்.

*

கடையில் வேலை செய்பவர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தினார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே, 2018இல். கால் வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஞானஸ்நானம் பெற்ற ஒரு முதலாளி இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

*

இந்த நாட்டில் நம்முடைய விசுவாசத்தை ஒரு தலைமுறைக் காலம் தாங்கிப் பிடித்தவர்கள் பொதுநிலையினர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு குருக்களை வெளியேற்றினார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று கட்டளை போட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை ஒல்லாந்தர் ஆண்ட ஊர்களில் மேய்ப்பர் இல்லை. வலை இழுத்தவர்களும் வயல் செய்தவர்களும் வியாபாரம் செய்தவர்களுமே பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள். முனிவர் வந்த பிறகும் அந்த வழியை விடவில்லை. ஊருக்கு மூப்பர், அண்ணாவியார் என்று வைத்து அதை ஒழுங்குபடுத்தினார்.

பகலில் வேலை செய்து பிழைத்த மனிதர்கள் காப்பாற்றித் தந்த வேதம் இது. வேலை வேறு, வேதம் வேறு என்று பிரித்து வைக்க நமக்கு என்ன உரிமை?

*

1692இல் வாஸ் முனிவர் கண்டி இராச்சியத்துக்குள் வர வழி செய்தவர் புத்தளத்தைச் சேர்ந்த அந்தோனியோ சொத்தோமேயர் என்ற பொதுநிலையினர். அரண்மனையில் தனக்கிருந்த செல்வாக்கை அதற்காகப் பயன்படுத்தினார். முனிவர் போர்த்துக்கேய உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டபோது அவரோடு சேர்ந்து சிறைக்கும் போனார்.

தொழிலில் நாம் பணத்தோடு இன்னொன்றையும் சம்பாதிக்கிறோம். வங்கி முகாமையாளருக்கு நம்மைத் தெரியும். கச்சேரியில் நம் சொல்லை மதிப்பார்கள். அந்த மதிப்பை நம் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை. கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ வந்து, கடனுக்குப் பிணையாளர் கிடைக்காமல் நிற்கிற பையனுக்காக அதைச் செலவழித்த கத்தோலிக்கரை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

*

1697இல் கண்டியில் அம்மை பரவியது. வசதியுள்ளவர்கள் நகரத்தை விட்டுப் போனார்கள். நோயாளிகள் கைவிடப்பட்டார்கள். வாஸ் முனிவர் சக குரு ஒருவரோடு தங்கி, சமயம் பாராமல் நோயாளிகளைக் கழுவினார், ஊட்டினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் இதைப் பார்த்து நெகிழ்ந்தார். முனிவர் 1711 ஜனவரி 16இல் இதே கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

2020இல் நகரம் மூடப்பட்டபோதும், 2022இல் டீசலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோதும், முதலாளிகள் ஒவ்வொருவரும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வியாபாரம் இல்லாத மாதத்தில் வேலைக்காரருக்கு என்ன கொடுப்பது? அரைச் சம்பளமாவது கொடுத்து ஆட்களை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அரிசிப் பொதியோடு வீடு தேடிப் போனவர்கள் உண்டு. இனி வர வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லி முடித்தவர்களும் உண்டு. புனிதரின் ஊரில் இருக்கிறோம் என்ற பெருமைக்கு அந்த மாதங்களில்தான் விலை கேட்டார்கள்.

*

அம்பிட்டியக் குருமடத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு தொடர்பை மறந்துவிடுகிறோம். 1893இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து அங்கே பாப்பரசர் குருமடத்தைத் தொடங்கியவர் 13ஆம் லியோ. கண்டியை மறைமாவட்டமாக 1886இல் உயர்த்தியவரும் அவரே. அவர்தான் 1891 மே 15இல் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை எழுதியவர். தொழிலாளி வாழப் போதுமான கூலி நீதியின் கடமை என்றும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டதால் மட்டும் குறைந்த கூலி நியாயமாகிவிடாது என்றும், தொழிலாளர் சங்கம் சேர்வது அவர்கள் உரிமை என்றும் அதில் சொன்னார்.

குருமடம் 1955இல் புனேவுக்குப் போய்விட்டது. அந்த வளாகத்தில் இப்போது நம் தேசியக் குருமடம் இருக்கிறது. 2025 மே மாதம் புதிய திருத்தந்தை 14ஆம் லியோ என்ற பெயரை எடுத்தபோது, அந்தச் சுற்றுமடலையே முக்கிய காரணமாகச் சொன்னார். கண்டியில் உள்ள நமக்கு அந்தப் பெயர் அந்நியம் இல்லை. 13ஆம் லியோ குருக்களை உருவாக்க ஓர் இடம் தந்தார், கூலியைப் பற்றி ஒரு போதனையும் தந்தார். இரண்டையும் ஒரே கையிலிருந்து பெற்றோம். முதலாவதை நன்றாகக் காப்பாற்றினோம்.

*

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கண்டியைச் சுற்றிய மலைகளின் தேயிலைக் கதை அங்கிருந்து ஆரம்பிக்கிறது. அந்தக் கதையில் தராசு ஒரு பெரிய பாத்திரம். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழிப்பார்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். மழையில் நாள் முழுக்க நின்றவளுக்கு அரை நாள் சம்பளம்.

கள்ளத்தராசு கடவுளுக்கு அருவருப்பு என்று பழைய ஏற்பாடு திரும்பத் திரும்பச் சொல்கிறது. கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று நமக்கு மறைக்கல்வியில் சொல்லித் தந்தார்கள். கொலையோடு சேர்த்து எண்ணப்படுகிற பாவம் அது. தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,000 ரூபாவைத் தொடுவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ஆனது. தோட்டத்து அலுவலகங்களில் நம்மவர்கள் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். மடுவத்தின் வரிசையில் கூடையோடு நிற்பவர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். திருநாளில் இருவரும் ஒரே சுரூபத்தைச் சுமக்கிறார்கள். மறுநாள் காலையில் தராசு முள்ளைப் பார்க்கிற கண்ணிலும் அந்த விசுவாசம் இருக்க வேண்டும்.

*

இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற அமைப்பைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக இருந்து வேலை செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. காணிச் சீர்திருத்தக் காலத்தில் தோட்டங்களில் பசியும் வெளியேற்றமும் வந்தபோது, கண்டிச் சீமையின் தோட்டத் தமிழருக்காக எழுதினார், பேசினார், நடந்தார். அவர் 2017இல் காலமானார்.

அவரிடமிருந்து வணிகர்கள் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அவர் தர்மம் கேட்டு நம்மிடம் வரவில்லை. கணக்குக் கேட்டார். இந்த மக்களுக்கு இவ்வளவு ஏன் குறைகிறது, அது எங்கே போகிறது என்று கேட்டார். கிறிஸ்மஸுக்குப் பொதி கொடுப்பதைவிடக் கடினமான கேள்வி அது.

*

இனி என் தொழிலுக்குள் வருகிறேன்.

ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். வழக்கமாக நடப்பது இது: ஒருவருக்கு மாதம் 45,000 ரூபா கொடுக்கிறார்கள். புத்தகத்தில் 30,000 என்று எழுதி, மிச்சத்துக்கு வேறு பெயர் வைக்கிறார்கள். மறைந்த 15,000க்கு முதலாளி கட்ட வேண்டியது 2,250 ரூபா. வருடத்துக்கு 27,000. அந்த ஆள் இருபது வருடம் அதே சம்பளத்தில் நின்றாலும், வட்டி சேர்க்காமலே 5,40,000 ரூபா போய்விட்டது.

இதைச் செய்கிறவர் கெட்டவரே அல்ல. கோயில் கட்டட நிதிக்குக் கொடுப்பார். நோயாளியைத் தன் வானில் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். ஆனால் அந்தத் தொகை அவருடைய தாராள மனத்துக்கு உட்பட்டதல்ல. அது ஒரு கிழவரின் மருந்துச் செலவு, ஒரு மகளின் கல்யாணம். இன்னும் வராத ஒரு நாளில் தேவைப்படப்போகிற காசு என்பதால் எடுத்தது தெரிவதில்லை.

நான் இப்போது பட்டியலில் இரண்டு தொகைகளையும் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறேன். பலர் பேசாமல் திருத்தச் சொல்லிவிட்டார்கள். மனிதர்களிடம் மனச்சாட்சி இருக்கிறது. எண்ணாக எழுதிக் காட்ட ஒருவர் வேண்டும்.

*

பணிக்கொடைச் சட்டம் 1983இல் வந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஒன்பது பேர் உள்ள கடையில் இருபத்தைந்து வருடம் இருந்தவர் விலகும்போது என்ன கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். அதே கணக்கில் கொடுங்கள் என்றேன். சட்டம் தலையை எண்ணி நிற்கலாம். நன்றிக்கடன் அப்படி நிற்காது.

*

1966 முதல் 1971 வரை நம் நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. சந்திரனைப் பார்த்துப் போயா நாட்கள் வாராந்த விடுமுறையாயின. நம் பெற்றோர் ஞாயிறு பூசையை வேலைநாளுக்குள் பொருத்திக்கொண்டு அலுவலகத்துக்கும் கடைக்கும் ஓடினார்கள்.

அந்த அனுபவம் நமக்கு ஒன்றைக் கற்றுத்தந்திருக்க வேண்டும். தன் புனித நாளில் வேலைக்கு நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் நாம். ஆகவே வெசாக் அன்று சில் நோன்பு எடுக்க விரும்பும் பிள்ளையையும், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போக வேண்டிய இளைஞரையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே விட வேண்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு தருகிறது. மறையுரையில் ஓய்வுநாளைப் பற்றிக் கேட்டுவிட்டு, வந்து அந்த அரை நாளை வெட்டுவது எந்த ஞாயிறை அனுசரிப்பது?

*

2019 ஏப்ரல் 21. உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய மூன்று ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணியுங்கள் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தில் திகனையிலும் சுற்றுவட்டாரத்திலும் முஸ்லிம் கடைகள் எரிந்திருந்தன. 1983இல் தமிழர் கடைகள் எரிந்ததை நாங்கள் மறக்கவில்லை.

காயம்பட்டது நம் சமூகம். அதனால் நம் கொள்வனவுக்கு அன்று ஒரு சாட்சியின் பலம் இருந்தது. பல வருடமாகச் சாமான் எடுத்த முஸ்லிம் மொத்த வியாபாரியிடம் அந்த வாரமும் போய் வழக்கம்போல் எடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எதிரியை நேசிக்கப் போகவில்லை. எதிரியே இல்லாத ஒருவரிடம் நியாயமாக நடக்கப் போனார்கள். அதற்கே அன்று துணிச்சல் வேண்டியிருந்தது.

*

வியாபாரிகளை மட்டும் சொன்னால் போதாது. வகுப்பில் பாடத்தைப் பாதியில் விட்டு டியூஷனில் முடிக்கிற ஆசிரியர், தனியார் சனலிங்கில் பொறுமையாகக் கேட்டுவிட்டு வார்டில் ஒரு நிமிடத்தில் முடிக்கிற டொக்டர், கையொப்பத்தைக் காரணமில்லாமல் நாளைக்குத் தள்ளுகிற உத்தியோகத்தர் எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வாழ்வையும் விசுவாசத்தையும் பிரித்து வைப்பது நம் காலத்தின் பெரும் பிழைகளில் ஒன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னது.

*

இப்படி நடந்தால் தொழில் நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஆர்ஜென்டினாவின் என்ரிக்கே ஷா (1921–1962) என்பவரைச் சொல்வேன். கண்ணாடித் தொழிற்சாலையை நடத்தியவர். நெருக்கடியில் ஆட்குறைப்புச் செய்ய அழுத்தம் வந்தபோது தொழிலாளர் பக்கம் நின்று அதைத் தடுத்தார். புற்றுநோயில் அவருக்கு இரத்தம் தேவைப்பட்டபோது, கொடுக்க வந்து நின்றவர்கள் அந்தத் தொழிலாளர்களே. 2021இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

*

சக்கேயு வரித்தொழில் செய்தவர். யேசு வீட்டுக்கு வந்ததும் அவர் நீண்ட செபம் எதுவும் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காகத் திரும்ப என்றார். தன் மனமாற்றத்தை எண்களில் சொன்னார். மீட்பு வந்தது என்று யேசு சொன்னது அந்த எண்களைக் கேட்ட பிறகுதான்.

திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்த கடமை. தவக்காலத்தில் இறைச்சியை விடுகிறோம், சிலுவைப்பாதை செய்கிறோம். அன்பியக் கூட்டங்களில் இதையும் சேர்ப்போம். முதலாளியாக இருப்பவர் ஒவ்வொருவரும் விபூதிப் புதனன்று ஒரு தாளில் பாக்கிகளை எழுதட்டும். கட்டாத சேமலாப நிதி, கொடுக்காத ஓவர்டைம், வெட்டிய லீவு, பல மாதமாக இழுத்தடிக்கிற சப்ளையர் பில், எல்லாவற்றையும் பெயரும் தொகையுமாக எழுதட்டும். பெரிய வியாழனுக்கு முன் முடிந்தவரை தீர்க்கட்டும். ஒரே தடவையில் முடியாததைத் தவணை போட்டு, உரியவரிடமே சொல்லட்டும். தாளைத் தயாரிக்க உதவி வேண்டுமென்றால் நான் வந்து எழுதித் தருகிறேன். அதற்குக் கூலி வாங்க மாட்டேன்.