காட்டாத பேய்க்கு ஆகும் செலவு

சின்ன பட்ஜெட் பேய்ப்படங்கள் ஏன் பிடிக்கின்றன என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. கையில் காசில்லை, அதனால் பேயைக் காட்டவில்லை, காட்டாததை நம் கற்பனை நிரப்பிக்கொண்டது, பயந்துவிட்டோம். பாதி சரி. மீதியை ஒலித் துறையில் வேலை செய்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். எதையும் காட்டாமல் விடுவதால் மட்டும் யாருக்கும் பயம் வந்துவிடாது. வெறும் கறுப்புத் திரையைப் பார்த்து எவரும் அலறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது என்று நம்பவைக்க ஏதாவது ஒரு தடயம் வேண்டும். பெரும்பாலும் அது சத்தம், சில நேரம் சத்தம் திடீரென்று நின்றுபோவது. படச்சட்டத்துக்கு நான்கு ஓரங்கள் உண்டு, ஒலிக்கு ஓரம் கிடையாது. பணம் குறைவான பேய்ப்படம் தன் பாரத்தைக் கண்ணிலிருந்து காதுக்கு மாற்றுகிறது. அதன் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதற்குப் பழைய, தெளிவான சாட்சி 1942இல் வந்த 'கேட் பீப்பிள்'. ஆர்சன் வெல்ஸ் படங்களில் கையைச் சுட்டுக்கொண்ட ஆர்.கே.ஓ. நிறுவனம், மலிவான திகில் படங்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கித் தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் ஒப்படைத்தது. செலவு 1,50,000 டாலரைத் தாண்டக் கூடாது, நீளம் 75 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், தலைப்பை நிறுவனமே கொடுக்கும் என்பவை நிபந்தனைகள். வெல்ஸ் படத்துக்காகப் போட்ட மாடிப்படி செட்டையே இதிலும் வைத்து ஒப்பேற்றினார்கள். ஜாக் டர்னர் இயக்கிய இந்தப் படத்தில் ஒரு பெண் இரவில் பூங்கா மதிலோரமாகத் தனியே நடந்துபோகிறாள். பின்னால் இன்னொருத்தி வருகிறாள். அவள் கருஞ்சிறுத்தையாக மாறக்கூடியவளோ என்று நமக்கு ஏற்கெனவே சந்தேகம். பின்னணி இசை இல்லை. இரண்டு ஜோடிக் குதிகால் செருப்புகளின் சத்தம் மட்டும் கேட்கிறது. தெருவிளக்கின் வெளிச்ச வட்டங்களை இருவரும் ஒவ்வொன்றாகக் கடக்கிறார்கள். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், தெரு காலி. நடை ஓட்டமாகிறது. எங்கிருந்தோ ஒரு சீறல். சட்டகத்துக்குள் பாய்ந்து வந்து நிற்பது ஒரு பஸ்.

எடிட்டர் மார்க் ராப்சன் பஸ்ஸின் சத்தத்தை, பஸ் கண்ணில் படும் முன்பே காதில் விழும்படி வைத்திருக்கிறார். அந்த இடைவெளியில் அது சிறுத்தையின் உறுமலாகத்தான் கேட்கிறது. நிஜமான ஒரு மிருகத்தையும் வரவழைக்காமல் மிருகத்தை உண்டாக்கிவிட்டார்கள். தொழிலில் இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் பின்னால் வந்தவர்களில் பலர் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய நடையை விட்டுவிட்டார்கள். அப்படி மிஞ்சியதுதான் இன்றைய 'ஜம்ப் ஸ்கேர்'. திடீரென்று உரத்த சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடத்தான் செய்யும், அதற்குப் படம் எதற்கு? டர்னரின் காட்சியில் பஸ் வருவதற்குள் நம் காது அந்தச் செருப்புச் சத்தத்தின் தாளத்துக்குப் பழகிவிடுகிறது. பழகிய தாளம் அறுபடும் நொடியில்தான் பயம் பிறக்கிறது. பஸ் அதை வெடிக்கவைக்கிறது, அவ்வளவே.

பழக்கிவிட்டு அறுப்பது என்ற இந்த முறையைப் பிற்காலச் சிக்கனப் படங்களிலும் பார்க்கலாம். ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே ஏறத்தாழ 15,000 டாலரில் எடுத்த 'பாரநார்மல் ஆக்டிவிட்டி'யில் படுக்கையறைக் கேமரா அசைவதே இல்லை. திரையின் மூலையில் நேரம் காட்டும் எண்கள் ஓடுகின்றன. அவை வேகமாக ஓடி, பிறகு சாதாரண வேகத்துக்கு வந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று ஓரிரு இரவுகளிலேயே நமக்குப் புரிந்துவிடுகிறது. அதன்பின் கதவு கொஞ்சம் அசைந்தாலே போதும். கன்சாஸில் தொழில்துறை, கல்விப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி 1962இல் கொண்டுவந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' இதைத் தலைகீழாகச் செய்கிறது. துணிக்கடையில் நாயகியைச் சுற்றியுள்ள சத்தம் முழுவதும் அணைந்துபோகிறது, கடைக்காரப் பெண் அவளைக் கவனிப்பதே இல்லை. பிறகு பூங்காவில் ஒரு பறவையின் குரலோடு உலகம் திரும்புகிறது. ஒலித் தடத்தைக் கொஞ்ச நேரம் அணைத்துவைக்க எந்தத் தயாரிப்பாளரும் பணம் தேட வேண்டியதில்லை. எங்கள் மிக்ஸிங் மேசையிலும் நடப்பது இதுதான். ஓர் அறைக்கென்று ஒரு சத்தம் உண்டு: மின்விசிறி, ஃபிரிட்ஜின் முனகல், தூரத்து ஹாரன். அதை 'ரூம் டோன்' என்போம். அதை யாருக்கும் தெரியாமல் மெல்ல மெல்ல இறக்கினால், பார்ப்பவர் காரணம் புரியாமலே காதைத் தீட்டிக்கொள்வார். அப்போது ஒரு கீல் முனகினாலும் அது பெரிய சம்பவம்.

அப்படியானால் வறுமைதான் கலையா, பணம் வந்தால் பயம் போய்விடுமா என்று கேட்கலாம். போகாது. லூட்டனிடம் இயக்குநராகத் தொடங்கிய ராபர்ட் வைஸ், 1963இல் எம்.ஜி.எம். பணத்தில் 'தி ஹாண்டிங்' எடுத்தார். வசதி இருந்தும் அவர் பேயைக் காட்டவில்லை. இடிக்கும் சத்தமும், உள்பக்கமாகப் புடைக்கும் ஒரு கதவும்தான் அங்கே பேய். இதற்கு எதிர்ப்பக்கத்தில், டர்னரே 1957இல் இயக்கிய 'நைட் ஆஃப் தி டீமன்' படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பிசாசை முழுசாகக் காட்டினார்கள். தயாரிப்புத் தரப்பு வற்புறுத்திச் சேர்த்தது அது. நடுவில் வரும் அருமையான காட்சிகளில், என்ன வருமோ என்று தவிக்க வேண்டிய நமக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஆக, காட்டாமல் இருப்பது ஒரு கட்டுப்பாடு. பணக்காரனும் அதைப் பழகலாம். காசில்லாதவன் மீது அது தானாக வந்து விழுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மூர் ரசிகனுக்குப் பேய் கண்ணெதிரே வந்து ஆட வேண்டும், இதெல்லாம் எடுபடாது என்ற வாதமும் உண்டு. 'முனி', 'காஞ்சனா' வரிசையின் வெற்றி அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். அந்தப் படங்கள் தருவது அரங்கமே சேர்ந்து அலறிச் சிரிக்கும் கொண்டாட்டம். அது வேறு கணக்கு, அதில் குறையும் இல்லை. ஆனால் 2012இல் கார்த்திக் சுப்புராஜின் முதல் படமான 'பீட்சா' இதே ரசிகர்களிடம்தான் ஓடியது. விஜய் சேதுபதி டார்ச்சோடு ஒரு பங்களாவுக்குள் தனியாக அல்லாடும் பகுதிதான் அதன் உயிர். அந்தப் பேய்க்கதை முழுவதும் நாயகன் கட்டிவிட்ட புளுகு என்று கடைசியில் தெரிகிறது. பேயே இல்லாத கதைக்கு நாம் பயந்தோம் என்றால், பயத்தை உண்டாக்கியது பேய் அல்ல, அந்த இருட்டும் அதன் சத்தங்களும்தான்.

கடைசி ஆட்சேபம் கனமானது. நினைவில் நிற்கும் நாலைந்து படங்களை வைத்துக்கொண்டு பேசுகிறோம். மலிவாக எடுத்து மறந்துபோன படங்கள் எத்தனையோ. உண்மை. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தோற்கின்றன: இருட்டைப் படம்பிடித்துவிட்டு, மீதியை ரீரெக்கார்டிங்கில் இரைச்சலால் நிரப்பிவிடலாம் என்று நினைக்கின்றன. காட்டாத பேய்க்கும் செலவு உண்டு, அது நாள்கணக்கில் ஆகும் செலவு. படப்பிடிப்பு நடந்த வீட்டின் சத்தங்களைத் தனியாகப் பதிவுசெய்ய ஒரு நாள், ஒவ்வொரு காலடியையும் ஃபோலியில், அதாவது படத்துக்கேற்பச் சத்தங்களை ஸ்டுடியோவில் செய்து பதியும் வேலையில், சரியான தரையில் வைத்துப் பார்க்க இன்னும் சில நாள், எதை நீக்கலாம் என்று பொறுமையாக உட்கார்ந்து கேட்க அதைவிட அதிக நாள். கிராஃபிக்ஸ் பேயோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனாலும் பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது இதுதான். பணமில்லாததால் பேய்ப்படம் எடுக்கிறேன் என்று வருகிற புதிய இயக்குநர், ஒலிக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார் என்று கேட்டால் போதும், படம் பயமுறுத்துமா என்பது அந்தப் பதிலிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.