மொறட்டுவையில் ஒரு பகல்: கைக்குத் துணை நிற்கும் பலகைகள்

கொழும்பிலிருந்து காலி வீதி வழியே தெற்கே போனால் தெகிவளை, கல்கிசை, இரத்மலானை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரத்தில் மொறட்டுவை. கோட்டையிலிருந்து புகையிரதத்தில் போனால் வழியிற் பெரும்பகுதி கடல் பக்கத்திலேயே வரும். ஊருக்கு மேற்கே கடல், கிழக்கே பொல்கொட வாவி. இடைப்பட்ட நிலத்தில் வீதிக்கு வீதி கதிரை, மேசை, கட்டில், அலுமாரிக் கடைகள். கடைகளின் பின்னால் உள்ள ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் வாள் ஓடும் சத்தமும் மரத்தூள் வாசமும் வந்துவிடும். இலங்கையில் எந்த ஊரிலும் நல்ல தளபாடம் என்றால் மொறட்டுவையின் பெயரைச் சொல்வார்கள். தச்சுத்தொழில் இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

இந்த ஊரும் துயரம் அறியாத ஊரல்ல. 2004 டிசம்பர் 26இல் எமது முல்லைத்தீவுக் கரையை அழித்த அதே கடல் மொறட்டுவைக் கரையோரக் குடிசைகளையும் வாரிச் சென்றது.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்து மரவேலை செய்யும் ஐந்து சகோதரிகளோடு நானும் இரவு பஸ் ஏறி அங்கே போனேன். ஐவரில் மூவர் கணவனை இழந்தவர்கள். ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை, செல் துண்டு பட்டுப் போனவை. இன்னொருவர் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தவர். எங்களுக்குச் சிங்களத்தில் பேசித் தந்தவர் அவரே.

ஆடிய ஸ்டூல்கள்

இவர்கள் ஒரு முன்பள்ளிக்கு 24 சிறிய ஸ்டூல்கள் செய்து கொடுத்தார்கள். மரம் நல்ல மரம், மினுக்கமும் அழகு. ஆனால் பாதிக்கு மேற்பட்டவை தரையில் வைத்தபோது ஆடின. திருப்பி எடுத்து வந்து, நீண்டிருந்த கால்களை அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தார்கள். அதில் இலாபம் முழுவதும் போய்விட்டது. அடுத்து 40 ஸ்டூல்களுக்கு வேலை வந்திருந்தது. அதுவும் ஆடினால் மூன்றாவது வேலை வராது. அதனாற்றான் இந்தப் பயணம்.

அவர்கள் அளந்த விதத்தைக் கேட்டால் காரணம் விளங்கும். முதலாவது காலை நாடாவால் அளந்து வெட்டினார்கள். அதை வைத்து இரண்டாவதைக் குறித்தார்கள். இரண்டாவதை வைத்து மூன்றாவதைக் குறித்தார்கள். ஒவ்வொரு தடவையும் பென்சில் கோட்டின் தடிப்பு சேர்ந்துகொண்டே போகும். வாள் அலகே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மரத்தைத் தின்னும். கோட்டுக்கு எந்தப் பக்கம் வெட்டினோம் என்பதிலேயே ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் வித்தியாசம் வந்துவிடும். 24 ஸ்டூல்களுக்கு 96 கால்கள் என்றால், பிழைவிட 96 சந்தர்ப்பங்கள். கை பழகாதது மட்டும் இதற்குக் காரணமல்ல. ஒவ்வொரு துண்டையும் புதிதாக அளந்ததே பெரிய காரணம்.

சுவரில் தொங்கியவை

நாங்கள் போன பட்டறை மிகச் சிறியது. தகரக் கூரை. நடுவில் இரும்பு மேசை. அதன் நடுப்பிளவால் வட்ட வாள் பாதி மேலே தெரிகிறது, மோட்டார் கீழே. பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரை 'பாஸ்' என்றே கூப்பிடுகிறார்கள். எம்மில் இளையவர்களை 'நங்கி' என்றார். நாங்கள் 'பாஸ் ஐயா' என்றோம்.

சுவர் முழுவதும் ஆணிகளில் பலகைத் துண்டுகள் தொங்கின. அடுப்புக்குப் போட வைத்திருக்கும் கழிவு என்றே முதலில் நினைத்தோம். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பென்சிலால் சிங்களத்தில் எழுதியிருந்தது. இன்ன கதிரையின் கால், இன்ன கட்டிலின் சட்டம், இன்ன மேசையின் சரிவு. அவைதான் ஜிக். மரத்தைச் சரியான இடத்தில், சரியான கோணத்தில் பிடித்து வாளுக்குக் கொண்டுபோகும் துணைப்பலகை என்று சொல்லலாம்.

இது எமக்குப் புதிய விடயமல்ல. சீமெந்துக் கல் அரியும் பெட்டியை எண்ணிப் பாருங்கள். பெட்டியை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் ஆயிரம் கல்லும் ஒரே அளவு. கல் அரிபவர் ஒவ்வொரு கல்லையும் அளப்பதில்லை. தைப்பவர்கள் சட்டைக்குப் பேப்பரில் வெட்டி வைக்கும் மாதிரியும் இதுதான். கட்டுநாயக்கா சகோதரி உடனே பிடித்துக்கொண்டார். தையல் ஓரம் ஒரே அளவாக வருவதற்கு மெஷினில் பூட்டும் சின்னத் தகடு ஒன்று உண்டு, அதன் வேலைதான் இதற்கும் என்றார்.

வழுக்குப் பலகையும் தடைக்கட்டையும்

பாஸ் முதலில் காட்டியது குறுக்கு வெட்டுக்கான வழுக்குப் பலகை. ஒரு சதுரப் பிளைவூட் பலகை. அதன் அடியில் இரண்டு கெட்டிமரச் சட்டங்கள். வாள் மேசையில் நீளமாக இரண்டு தவாளிப்புகள் இருக்கும். இந்தச் சட்டங்கள் அவற்றுக்குள் இறங்கி, ஆடாமல் முன்னும் பின்னும் ஓடும். மேசையில் தவாளிப்பு இல்லாவிட்டால், மேசையின் இரு பக்க விளிம்புகளையும் அணைத்து ஓடும்படி சட்டங்களை அடித்துக்கொள்ளலாம். பலகையின் மேலே முன்னும் பின்னும் தடித்த சட்டம் ஒவ்வொன்று. எமது பக்கத்துச் சட்டத்தோடு மரத்தைச் சேர்த்துப் பிடித்து, முழுப் பலகையையும் வாளை நோக்கித் தள்ள வேண்டும். மரம் பலகையோடு போகும், தனியாகத் திரும்பாது. எமது பக்கச் சட்டத்தில் வாள் வெளியே வரும் இடத்துக்கு ஒரு கட்டை ஒட்டியிருந்தது. தள்ளுகிற கை அவ்விடத்தில் இல்லாமலிருப்பதற்காக.

இரண்டாவது, தடைக்கட்டை. கால் 11 அங்குலம் வேண்டுமானால், வாளிலிருந்து 11 அங்குலத்தில் அந்தச் சட்டத்தின் மேல் சிறு கட்டை ஒன்றை இறுக்கிப் பூட்டுவார்கள். முதலில் எல்லாத் துண்டுகளினதும் ஒரு முனையைச் சதுரமாக வெட்டிக்கொள்வது. பிறகு அந்த முனையைத் தடைக்கட்டையில் முட்ட வைத்து மறுமுனையை வெட்டுவது. நாடா இல்லை, பென்சில் இல்லை. எங்களுக்குக் கொண்டுவந்த பிளேன்ரீ ஆறுவதற்குள் கட்டுக்கட்டாகக் கால்கள் அடுக்கியாயிற்று. எதை எதனோடு சேர்த்து நிறுத்தினாலும் ஒரே உயரம்.

தடைக்கட்டையின் கீழ் மூலையைச் சற்றுச் சீவி விட்டிருந்தார். ஏன் என்று கேட்டோம். மரத்தூள் மூலையில் சேர்ந்தால் அடுத்த துண்டு முழுதாக முட்டாது, தூளின் அளவுக்குக் குறைந்துவிடும். சீவிய இடைவெளிக்குள் தூள் போய்விடும் என்றார். இப்படிச் சின்ன விடயங்களைப் பார்ப்பதற்கே அவ்வளவு தூரம் போனது பயன்பட்டது.

வழுக்குப் பலகை உண்மையிலே சதுரமாக வெட்டுகிறதா என்று பார்ப்பதற்கும் ஓர் எளிய வழி காட்டினார். இரு ஓரமும் நேரான அகலப் பலகையொன்றை இரண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டை மட்டும் கவிழ்த்து, இரண்டையும் ஒரு நேர்ச்சட்டத்தோடு சேர்த்து, வெட்டிய முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். சதுரமாக வெட்டியிருந்தால் இடைவெளி தெரியாது. பிழையிருந்தால் அது இரண்டு மடங்காகக் கண்ணுக்குத் தெரியும். சட்டத்தைச் சிறிது நகர்த்தி, சரிவரும் வரை திரும்பத் திரும்பப் பார்த்து, அதன்பின்பே திருகாணியை முடிவாக இறுக்க வேண்டும். இந்த வேலையில் பொறுமை முழுவதையும் ஜிக் செய்யும்போதே செலவழித்துவிட வேண்டும்.

கீழே ஒடுங்கும் கால்களுக்கு இன்னொரு பலகை. அதில் காலைச் சாய்த்து வைத்துப் பிடிக்க இரண்டு கட்டைகள் அடித்திருக்கும். ஓரச்சட்டத்தை ஒட்டிப் பலகை நேராகப் போகும், அதன் மேலுள்ள கால் சரிவாக வெட்டுப்படும்.

விரல்கள்

பாஸின் வலது கைச் சுட்டுவிரலில் நுனி இல்லை. ஜிக் இல்லாமல் அவசரத்தில் வெட்டிய நாளொன்றில் போனது என்றார். இரண்டு விரல் இல்லாத எமது சகோதரி தன் கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் ஒரு பலகையை எடுத்து, மரத்தை நெம்புப் பிடியால் இறுக்கிக் காட்டினார். மரத்தைப் பிடிப்பது பிடியின் வேலை. இரண்டு கையும் வாளிலிருந்து எட்ட, பலகையின் ஓரத்தில் இருக்கும். அன்று பிற்பகல் அந்தச் சகோதரியே எட்டுக் கால்கள் வெட்டினார்.

ஆபத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 254 மில்லிமீற்றர் விட்டமுள்ள வாள் நிமிடத்துக்கு 4,000 தடவை சுற்றினால் அதன் பல் மணிக்கு 190 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகிறது. முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேலே எழும்பும். மரம் திரும்பிப் பின்பற்களில் உரசினால் தூக்கி எம்மை நோக்கி எறியும். அதனால் இவற்றை எழுதி வாளுக்கு முன்னால் ஒட்டி வையுங்கள்:

- வாளுக்கு நேரே நிற்க வேண்டாம், சற்று விலகி நில்லுங்கள்.
- வாளுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டைக் கழற்ற வேண்டாம். வெட்டுவாய் மூடி வாளை நெரிக்காமல் காப்பது அதுதான்.
- குறுக்கே வெட்டும்போது ஓரச்சட்டத்தை அளவுத் தடையாக வைக்க வேண்டாம். வெட்டுண்ட துண்டு சட்டத்துக்கும் வாளுக்கும் இடையில் அகப்பட்டு எறியப்படும்.
- ஒடுக்கமான துண்டை நீளவாட்டில் வெட்டும்போது விரலால் தள்ள வேண்டாம். தள்ளுகட்டையால் தள்ளுங்கள்.
- சேலைத் தலைப்பு, சோல், வளையல், தொங்கும் பின்னல் எதுவும் வேண்டாம். கையுறையும் வேண்டாம். அதன் நூல் பல்லிற் சிக்கினால் கையையும் இழுத்துச் செல்லும்.
- கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துள்ளது.

எல்லையும் உண்டு

ஜிக் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஜிக் பிழை என்றால் நூறு துண்டும் பிழை. ஆகவே முதலாவது துண்டை வெட்டியதும் வாளை நிறுத்தி, அளந்து, மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். சரியென்றால் அதில் 'மாதிரி' என்று எழுதித் தனியே வையுங்கள். பத்துக்கு ஒன்றை அதோடு ஒப்பிடுங்கள். தடைக்கட்டை இளகியிருந்தால் பத்தோடு தெரிந்துவிடும், நூறு வரை போகாது.

மரமும் காய்ந்ததாக இருக்க வேண்டும். மரம் காயும்போது நீளத்தில் மிகக் குறைவாகவும் அகலத்தில் கூடுதலாகவும் சுருங்கும். இன்று பொருத்தமாக வெட்டிய பச்சை மரம் இரண்டு மாதத்தில் மூட்டில் இளகிவிடும். அதை எந்த ஜிக்கும் தடுக்காது.

எங்கள் ஊரில் வேம்பும் முதிரையும் தேக்கும் உண்டு. கை வருந்தி வேலை செய்யும் பெண்களும் உண்டு. பெரிய பட்டறைகளோடு போட்டி போட மெஷின் இல்லை என்பது எல்லோரும் சொல்லும் குறை. மெஷின் விலை உண்மையில் பெரியதுதான். ஆனால் மொறட்டுவைச் சுவரில் தொங்கிய பலகைகளுக்கு விலை பெரிதில்லை. மிஞ்சிய பிளைவூட், சில திருகாணிகள், பசை, ஒருநாள் பொறுமை. அவ்வளவே.

மரவேலை தொடங்கும் சகோதரிகள் முதலில் மூன்று செய்துகொள்ளுங்கள்: தள்ளுகட்டை, வழுக்குப் பலகை, அதற்கொரு தடைக்கட்டை. ஒவ்வொரு வேலையும் முடிந்த பின் அதற்குச் செய்த ஜிக்கை எறியாமல், பெயரும் அளவும் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். அடுத்த வருடம் அதே கதிரைக்கு ஆள் வரும்போது அளவு தேடத் தேவையில்லை. குழுவில் ஒருவர் வரமுடியாத நாளில் இன்னொருவர் அதே வேலையை அதே அளவில் செய்வார். புதிதாக ஒரு பெண் சேர்ந்தால் அவளுக்கும் முதல் நாளிலேயே கையில் ஒரு துணை இருக்கும்.

கிளிநொச்சிச் சகோதரிகளின் 40 ஸ்டூல்களுக்கு 160 கால்கள் வேண்டும். இம்முறை அவர்கள் 11 அங்குலத்தை அளப்பது ஒரே ஒரு தடவைதான், தடைக்கட்டையைப் பூட்டும்போது.