பழைய புல்வெட்டி வாங்கப் போன கதை

மூன்று மாதங்களுக்கு முன்னர் ஊருக்குப் போயிருந்தபோது தம்பி எனக்கென்று ஒரு வேலையை எடுத்துவைத்திருந்தான். லிந்துலைப் பக்கத்தில் பழைய புல்வெட்டி இயந்திரம் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். பார்க்கப் போக வேண்டும், அண்ணனும் கூட வர வேண்டும் என்றான். முப்பது வருடங்களாகச் செய்தித்தாள் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியவனுக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன்.

"இயந்திரத்தைப் பாக்க பாஸ் வர்றாரு அண்ணே. நீங்க விக்கிறவரைப் பாருங்க. ஆளுங்ககிட்டப் பேசி உண்மையை வாங்குறது உங்க தொழில்தானே" என்றான். மறுத்துப் பேச எனக்கு வழி இருக்கவில்லை.

தலவாக்கலையை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். எங்கள் தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இன்று சில கம்பனிகள் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, பராமரிப்பை அவர்கள் தலையில் வைத்துவிட்டு, பறித்துக் கொடுக்கும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் பணம் கொடுக்கின்றன. என் தம்பிக்கும் அப்படி ஆயிரத்துச் சொச்சம் செடிகள் கிடைத்திருக்கின்றன. நிலம் அவனுடையதல்ல. செடியும் அவனுடையதல்ல. ஆனால் அங்கே முளைக்கும் புல் முழுவதும் அவனுடையது.

அந்தப் புல்லோடு எங்கள் குடும்பத்துக்குப் பழைய பகை உண்டு. அம்மா கொழுந்து எடுக்காத நாட்களில் சுரண்டியோடு புல்லு வெட்டப் போவார். நாள் முழுவதும் குனிந்து நின்றுவிட்டு, மாலையில் லயத்து வாசலில் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்ற அவரது உருவம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தச் சுரண்டி புல்லோடு சேர்த்து மேல்மண்ணையும் கிளறிவிடும். அடுத்த மழையில் அந்த மண் ஆற்றுக்குப் போய்விடும். பிறகு களைநாசினி வந்தது. 2015இல் கிளைபோசேட்டுக்குத் தடை போட்டார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் ஒரேயடியாக இறக்குமதித் தடை வந்து, சில மாதங்களில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. இந்த அறிவிப்புகள் எல்லாவற்றையும் நான் கொழும்பில் இருந்து செய்தியாக எழுதினேன். அந்த நாட்களில் புல் மட்டும் எந்த வர்த்தமானியையும் பார்க்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது என்பதைத் தம்பியின் மலையில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

வவுனியாவில் வயல் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சமதரை. டிரக்டரின் பின்னால் சுழல்வெட்டியைப் பூட்டி இழுத்தால் ஒரு காலைப் பொழுதில் காடு தரையாகிவிடும். அவரும் அதைப் பழையதாகத்தான் வாங்கினார். புறப்படுவதற்கு முதல் நாள் தொலைபேசியில் அவரிடம் யோசனை கேட்டேன். "பெட்டியில் எண்ணெய் கசிகிறதா பார், கத்தியைப் பிடிக்கும் போல்ட் தேய்ந்திருக்கிறதா பார், சுழலும் தண்டுக்கு மூடி இருக்கிறதா பார். மூடி இல்லையென்றால் சாரத்தை இழுக்கும், சாரத்தோடு ஆளையும் இழுக்கும்" என்றார். எங்கள் சரிவில் டிரக்டர் ஏறாது. தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, நீண்ட குழாயின் நுனியில் கத்தி சுழலும் இயந்திரம்தான் இங்கே டிரக்டர். ஆனாலும் அவர் சொன்ன மூடிக் கதை மனதில் தங்கிவிட்டது.

விற்பவர் முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர். லயத்து முற்றத்தில் இயந்திரத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். விலை முப்பத்தெட்டாயிரம் ரூபா என்றார். கயிற்றை இரண்டு முறை இழுத்ததும் இயந்திரம் கிளம்பியது. அவர் விசையை அழுத்த, அது மலை அதிர உறுமியது. தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது.

பாஸ் மட்டும் அசையவில்லை. "விசையை விடு தம்பி" என்றார். இளைஞர் விட்டார். சத்தம் தணிந்தது. ஆனால் கத்தி நிற்கவில்லை; மெதுவாகச் சுழன்றுகொண்டே இருந்தது. பாஸ் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினார். "ஓடுறதைப் பாத்து யாரும் வாங்கலாம். நிக்குதான்னு பாத்துத்தான் வாங்கணும்."

பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிளக்கின் நுனி நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தது. புகை போகும் பகுதியைக் கழற்றி உள்ளே கைவிளக்கை அடித்துப் பிஸ்டனைக் காட்டினார், கீறல் இல்லை. பெற்றோலோடு எண்ணெயைச் சரியாகக் கலந்துதான் ஓட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளமாம். குறை காபரேட்டரில் இருந்தது. பெற்றோலை உள்ளே விட்டு நெடுநாள் சும்மா வைத்ததால் அது பிசினாகிப் படிந்திருந்தது. அதனால் மெதுவோட்டத்தில் இயந்திரம் அணைந்துபோயிருக்கிறது. அணையாமல் இருக்க யாரோ திருகாணியை முறுக்கி மெதுவோட்டத்தின் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். வேகம் கூடியதும் கிளச் பிடித்துக்கொள்கிறது. விசையை விட்டாலும் கத்தி நிற்பதில்லை. போதாததற்கு, கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டிய தடுப்பும் இல்லை.

"தடுப்பு எங்கே?" என்று கேட்டேன்.

"அது இருந்தா புல்லு சிக்குது சார். கழட்டிப் போட்டுட்டேன்" என்றார் இளைஞர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். என் தொழில் பழக்கம் அந்த இடத்தில் விழித்துக்கொண்டது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். காசு தேவை என்றார். எத்தனை மாதம் சும்மா கிடந்தது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பதில் வாசற்படியில் இருந்து வந்தது. கைக்குழந்தையோடு நின்ற அவருடைய மனைவி, "சொல்லிட்டு வில்லுங்க. வாங்கிட்டுப் போறவங்க வீட்டிலயும் புள்ளைங்க இருக்கும்" என்றார்.

இளைஞர் காற்சட்டையை முழங்கால் வரை உயர்த்தினார். கெண்டைக்காலில் நீளமாக ஒரு தழும்பு. ஈரச் சரிவில் வழுக்கியிருக்கிறார். விசையை விட்டுவிட்டார், கத்தி நிற்கவில்லை. இறப்பர் சப்பாத்தைக் கிழித்துக்கொண்டு காலில் இறங்கியிருக்கிறது. தடுப்பு இருந்திருந்தால் சப்பாத்தோடு போயிருக்கும். நான்கு மாதம் வேலை இல்லை. இயந்திரமும் அவரோடு சேர்ந்து மூலையில் கிடந்திருக்கிறது.

இனி நடந்ததை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம். இருந்தாலும் எழுதுகிறேன். அந்தத் தழும்பைப் பார்த்த அடுத்த கணம் என் மனம் விலையைக் குறைக்கக் கணக்குப் போட்டது. குறையை மறைத்தவர், இப்போது கையும் களவுமாக அகப்பட்டவர், இருபதாயிரத்துக்கும் தருவார். தம்பியைத் தனியே அழைத்து அதைச் சொல்லவும் செய்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாஸிடம் திருத்துவதற்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்தான். காபரேட்டர், கிளச் ஸ்பிரிங், புதிய தடுப்பு எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு என்றார் அவர். தம்பி இளைஞரிடம் திரும்பி, "முப்பதாயிரத்து ஐந்நூறு தாறேன். திருத்துற காசை மட்டும் கழிச்சிருக்கேன். உங்க காலுக்கு நான் விலை பேச மாட்டேன்" என்றான்.

இளைஞர் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார். பணத்தை அந்தப் பெண்தான் எண்ணி வாங்கினார்.

திரும்பும் வழியில் முச்சக்கர வண்டியில் இயந்திரம் எங்கள் மடியில் கிடந்தது. "ஏமாந்துட்டேன்னு நெனைக்கிறீங்களாண்ணே?" என்று தம்பி கேட்டான். இல்லை என்றேன். அம்மா உயிரோடு இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நான் கொழும்புக்குத் திரும்புவதற்கு முதல் நாள் தம்பி அந்த இயந்திரத்தோடு மலைக்குப் போனான், நானும் போனேன். முதலில் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெட்டப்போகும் இடத்தைச் சுற்றி நடந்தான். செடிக்குள் குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்தான். இயந்திரத்தின் சத்தத்திலும் அதிர்விலும் குளவி கலைந்தால் எத்தகைய ஆபத்து என்பதை எங்கள் மலைகளில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிரே புல்லு வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களை மேலே போகச் சொன்னான். கத்தியில் பட்ட கல் எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர்களில் வயதானவர், "இது வந்தா எங்களுக்குப் பேர் கெடைக்குமாய்யா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை; ஒரு நாள் சம்பளம். தம்பியிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. செடியின் தூரைச் சுற்றி இயந்திரம் போனால் பட்டை உரிந்துவிடும், அங்கே கைதான் வேண்டும் என்று மட்டும் அவன் சொன்னான். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல.

பிறகு கயிற்றை இழுத்தான். இயந்திரம் உறுமியது. விசையை அழுத்தினான், விட்டான். கத்தி சுழன்று, தளர்ந்து, நின்றது. அது நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முதல் அடியை எடுத்து வைத்தான். ஒவ்வொரு காலையும் அப்படித்தான் செய்கிறானாம்.

இயந்திரம் வாங்க இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான். விற்பவர் ஓட்டிக் காட்டுவார். நீங்கள் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.